நூல் எது என்று அஞ்சலகம் தீர்மானிக்கும்போது

2024 டிசம்பர் 18 அன்று இந்திய அஞ்சல் துறையின் மென்பொருளிலிருந்து பதிவுப் புத்தக அஞ்சல் என்ற சேவை முன்னறிவிப்பு ஏதுமின்றி நீக்கப்பட்டது. சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கப் பத்து நாள்கூட இல்லாத நேரம் அது. முந்தைய நாள்வரை வரி உட்பட ஏறத்தாழ 80 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த 5 கிலோ நூல்கட்டு, பதிவு பார்சல் என்ற பெயரில் 229 ரூபாய் கேட்டது. பதிப்பாளர்களும் சிறுபத்திரிகைக்காரர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், 2025 மே 1 முதல் ‘கியான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இந்த நான்கரை மாதமும் அதற்குப் பிறகும் நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் விலையைச் சுற்றியே இருந்தது. ஆனால் விலையை மட்டும் பார்த்தால் மாற்றம் அவ்வளவு பெரிதில்லை. பழைய முறையில் 100 கிராமுக்கு 1 ரூபாயும் பதிவுக் கட்டணம் 17 ரூபாயும் கூட்டினால், 300 கிராம் நூலுக்கு வரிக்கு முன் வந்ததும் அதே 20 ரூபாய்தான். 5 கிலோ கட்டுக்கு 67 ரூபாய் 100 ஆகியிருக்கிறது. உயர்வுதான், ஆனாலும் தாங்கக்கூடியது. உண்மையான மாற்றம் கட்டணப் பட்டியலுக்குக் கீழே, தகுதியைச் சொல்லும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. கல்வி சார்ந்த அச்சுப்பொருளுக்கு மட்டுமே இச்சேவை என்றும், வணிகத் தன்மை கொண்ட வெளியீடுகள் ஏற்கப்படமாட்டா என்றும் அறிவிப்பு சொல்கிறது. ஓர் அச்சுப்பொருளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய தகுதிக்குப் பதிலாக, அதைப் படித்து எடைபோட்டால்தான் சொல்லக்கூடிய தகுதி ஒன்று இங்கே நுழைந்திருக்கிறது. மலிவு அஞ்சலின் இருநூறு ஆண்டு வரலாற்றில் இவ்வகை விதி வந்த இடங்களிலெல்லாம் சிக்கலும் கூடவே வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய விதிகளின் இயல்பை முதலில் பார்க்கலாம். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் 9ஆம் பிரிவில் ‘பதிவுபெற்ற செய்தித்தாள்’ எது என்று வரையறுத்தது. செய்திகளோ நடப்பு விஷயங்கள் பற்றிய கட்டுரைகளோ பெரும்பகுதியாக இருக்க வேண்டும், 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். விளம்பரம் இருந்தாலும் குற்றமில்லை. இவற்றை நிறைவேற்றிய இதழ், அண்மைக்காலம்வரை 50 கிராம்வரை 25 காசுக்குப் பயணம் செய்தது. அச்சிட்ட நூலுக்கான தகுதி வேறு. அது குறித்த இடைவெளியில் வரும் இதழாக இருக்கக் கூடாது. போகிறபோக்கில் வரும் நூல் அறிவிப்பு, நூல் பட்டியல் தவிர வேறு விளம்பரம் அதில் இருக்கக் கூடாது. எந்தப் புக் போஸ்ட் கட்டானாலும் பிரித்துப் பார்க்க வசதியாக முனை திறந்திருக்க வேண்டும், தனிப்பட்ட கடிதம் உள்ளே இருக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை உறையின் மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகி, மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்பும் பழக்கம் தமிழ்நாட்டில் வீடுதோறும் தெரிந்தது; அதன் பின்னால் இருந்தது இந்த விதிதான். கடித விகிதத்தில் 20 கிராமுக்கு 5 ரூபாய் என்று கணக்கிட்டால் ஒரு கிலோவுக்கு 250 ரூபாய் ஆகும். அச்சிட்ட நூலுக்கு அதே எடைக்கு 10 ரூபாய். இருபத்தைந்து மடங்கு இடைவெளி. அவ்வளவு பெரிய சலுகைக்கு யார் தகுதி என்பதை நிர்ணயித்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தராசும் கண்ணும் போதும். விளம்பரம் இருக்கிறதா, கட்டு திறந்திருக்கிறதா, கைப்பட எழுதிய கடிதம் செருகியிருக்கிறதா? கவுண்டரில் இருப்பவர் இலக்கிய ரசிகரா இல்லையா என்பது பொருட்டேயில்லை.

கட்டு ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதிலேயே இந்தச் சலுகையின் உள்ளமைப்பு தெரிகிறது. கடிதக் கட்டணம் அதிகமாகவும் அச்சுப்பொருளின் கட்டணம் குறைவாகவும் இருக்கிற எந்த நாட்டிலும் மக்கள் கடிதத்தை அச்சுப்பொருளுக்குள் ஒளித்து அனுப்பவே முயல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்தித்தாளின் எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் துளையிட்டு, துளைகளைச் சேர்த்துப் படித்தால் சேதி வருமாறு அனுப்பியவர்கள் உண்டு. சர்வதேச அஞ்சல் விதிகள் பின்னர் வாழ்த்து அட்டையில் கையால் ஐந்து சொல்வரை எழுதலாம் என்று எண்ணிச் சொல்ல நேர்ந்ததும் இதே கவலையால்தான். ஐந்து சொல்லில் வாழ்த்தலாம், ஆறாவது சொல் வந்தால் அது கடிதம்! சிரிப்பு வரலாம், ஆனால் எண்ணிப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விதி அது. மலிவுக் கட்டணத்துக்கு ஈடாக அனுப்புபவர் தருவது அந்தரங்கத்தை. இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1878இல், எக்ஸ் பார்ட்டே ஜாக்சன் வழக்கில், தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒட்டிய கடிதத்தைப் பிடியாணையின்றிப் பிரிக்கக் கூடாது. பார்வைக்காகத் திறந்தே விடப்பட்ட செய்தித்தாளுக்கும் துண்டு வெளியீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவு அஞ்சல் என்றாலே அதிகாரி உள்ளே பார்க்கலாம் என்று பொருள். அப்படியானால் அவர் எதைத் தேடிப் பார்க்கலாம் என்பதை விதி எவ்வளவு குறுக்குகிறதோ, அவ்வளவுக்கு வாசகருக்குப் பாதுகாப்பு. கடிதமோ விளம்பரமோ இருக்கிறதா என்று பக்கம் புரட்டுவது ஒரு வேலை. இது மக்களுக்குப் பயனுள்ளதா என்று பார்ப்பது முற்றிலும் வேறு வேலை.

உருவத்தை வைத்துத் தகுதியை நிர்ணயித்தால் ஏமாற்றுவது எளிது என்பது முதல் மறுப்பு. மறுப்பில் உண்மை இருக்கிறது, அதற்கு அமெரிக்க வரலாறே போதுமான சான்று. 1792ஆம் ஆண்டின் அமெரிக்க அஞ்சல் சட்டம் செய்தித்தாளை 100 மைல்வரை 1 சென்டுக்கும் அதற்கு மேல் எவ்வளவு தொலைவானாலும் 1½ சென்டுக்கும் கொண்டுசென்றது. ஒற்றைத்தாள் கடிதத்துக்கோ தொலைவைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட். குடியரசு நிலைக்க வேண்டுமானால் செய்தி பரவ வேண்டும் என்ற கொள்கை அதன் பின்னால் இருந்தது. நூலுக்கு அந்தக் கொள்கையில் இடமில்லை; 1851வரை நூல்கள் அமெரிக்கத் தபாலில் அனுமதிக்கப்படவே இல்லை. விளைவை ஊகிக்கலாம். 1839இல் தொடங்கிய ‘பிரதர் ஜோனதன்’, ‘நியூ வேர்ல்ட்’ ஆகிய நியூயார்க் வார இதழ்கள், முழு நாவல்களையே செய்தித்தாளின் ‘சிறப்பிதழ்’ என்று அச்சிட்டுச் செய்தித்தாள் கட்டணத்தில் அனுப்பின. வால்ட் விட்மன் எழுதிய ‘ஃபிராங்க்ளின் எவன்ஸ்’ நாவல் 1842இல் அப்படித்தான் நியூ வேர்ல்டின் சிறப்பிதழாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு அஞ்சல் துறை, இவை செய்தித்தாள் ஆகா, துண்டு வெளியீட்டுக்குரிய கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. நாவல் வியாபாரத்தின் அந்த அலை அதோடு அடங்கியது.

அடங்கியது முப்பது ஆண்டுக்குத்தான். 1879 மார்ச் 3ஆம் நாள் சட்டம் இரண்டாம் வகுப்பு அஞ்சலுக்குத் தகுதிகளை வகுத்தது. ஆண்டுக்கு நான்கு முறையாவது குறித்த காலத்தில் வெளிவர வேண்டும், தேதியும் தொடர் எண்ணும் வேண்டும், தெரிந்த அலுவலகம் வேண்டும், அட்டையோ துணியோ தோலோ கொண்ட கட்டுமானம் கூடாது, முறையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும். இவற்றோடு, பொதுத்தன்மையுள்ள தகவலைப் பரப்பவோ இலக்கியம், அறிவியல், கலை, ஏதேனும் தொழில் ஆகியவற்றுக்காகவோ வெளியிடப்பட வேண்டும் என்ற ஒரு வரியும் இருந்தது. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1885 முதல் இவ்வகுப்பின் கட்டணம் பவுண்டுக்கு 1 சென்ட். நூல்களோ மூன்றாம் வகுப்பில் 2 அவுன்ஸுக்கு 1 சென்ட், அதாவது பவுண்டுக்கு 8 சென்ட். ஒரே நாவல் துணிக்கட்டோடு போனால் 8 சென்ட். மெல்லிய தாளில், தேதியும் எண்ணும் போட்டு, ‘இதழ்’ என்ற வேடத்தில் போனால் 1 சென்ட். ஜார்ஜ் மன்றோ 1877இல் தொடங்கிய ‘சீசைடு லைப்ரரி’ போன்ற மலிவு வரிசைகள் இந்த இடைவெளியில் செழித்தன. பிரிட்டிஷ் எழுத்தாளர்களுக்கு 1891வரை அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாததால் அவர்களுக்குக் காசு தர வேண்டியதுமில்லை. நம் பெட்டிக்கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதாகத் தோன்றாது: மாதந்தோறும் எண்ணிட்டு வரும் இதழ், உள்ளே முழுதாக ஒரே நாவல்.

இந்த வேடம் எப்படிக் கலைந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஹௌட்டன் மிஃப்லின் நிறுவனம் 1882 முதல் ‘ரிவர்சைடு லிட்ரேச்சர் சீரீஸ்’ என்ற வரிசையை நடத்திவந்தது. லாங்ஃபெல்லோவின் ‘எவாஞ்சலின்’ அதன் முதல் எண். பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கப்பட்ட, யாரும் குறைசொல்ல முடியாத இலக்கியம். அதற்குக் கொடுத்திருந்த இரண்டாம் வகுப்புச் சலுகையை அஞ்சல் துறை பறித்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1904இல் தீர்ப்பு துறைக்குச் சாதகமாக வந்தது. ஒவ்வொரு எண்ணும் தன்னளவில் முழுமையான தனிப் படைப்பு என்றால், அதற்கு முன்னும் பின்னும் வருவதோடு தொடர்பில்லை என்றால், அது நூல். தேதியும் எண்ணும் அதை இதழாக்கிவிடாது. துறை பல ஆண்டு சலுகை கொடுத்துவந்தது என்ற வாதமும் எடுபடவில்லை. எட்டு ஆண்டு கழித்து, இளைஞர் சாகசக் கதைகளை வாரந்தோறும் வெளியிட்ட ‘டிப் டாப் வீக்லி’க்கும் இதே கதி, இம்முறை தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். செவ்வியல் இலக்கியமும் பத்துக்காசுக் கதையும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு ஒரே விடையைப் பெற்றன. நல்ல இலக்கியம் என்பதற்காக முன்னதற்கு விலக்கில்லை, மட்டமான கதை என்பதற்காகப் பின்னதற்குத் தண்டனையில்லை. உருவ விதியை ஏய்க்க முடியும். ஏய்த்ததைத் திருத்தவும் முடியும், அதுவும் உருவத்தைப் பற்றிய இன்னும் கூர்மையான ஒரு கேள்வியாலேயே முடியும். இத்தனை ஆண்டு ஏமாற்றில் துறை இழந்தது வருமானத்தை மட்டும்தான்.

இப்போது அந்த 1879 வரிக்கு வருவோம். பொதுத்தன்மையுள்ள தகவல், இலக்கியம், அறிவியல், கலை என்று சட்டம் சொன்னதை அறுபது ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் விளம்பரத் தாள்களை விலக்கும் வேலியாகவே அதிகாரிகள் படித்தார்கள். 1943 டிசம்பர் இறுதியில் அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் வாக்கர் அதை வேறுமாதிரி படித்தார். ‘எஸ்குவயர்’ மாத இதழ் அரைகுறை ஆடைப் பெண்களின் ஓவியங்களை வெளியிட்டுவந்தது. அது ஆபாசம் என்று நிரூபித்தால் தபாலிலேயே தடை செய்யலாம். வாக்கர் அவ்வழியில் போகவில்லை. சலுகை பெறும் இதழ் பொதுநலனுக்குச் சிறப்பான பங்களிப்புச் செய்ய வேண்டும், எஸ்குவயர் செய்யவில்லை, எனவே சலுகை ரத்து என்றார். துறையே அமைத்த விசாரணைக் குழுவின் பெரும்பான்மை இதழுக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தும் இப்படி. இரண்டாம் வகுப்பை இழந்தால் அந்த இதழுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் கூடுதல் செலவு. தடை என்ற சொல்லே இல்லாமல் ஓர் இதழை மூடவைக்கப் போதுமான தொகை. 1946இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வாக்கரின் ஆணையைத் தள்ளியது. நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: எது நல்ல இலக்கியம், எது பயனுள்ள தகவல் என்பது ஆளுக்கு ஆள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அதை ஓர் அதிகாரியின் கையில் கொடுக்க நாடாளுமன்றம் நினைத்தது என்று அந்த வரியைப் படிக்க முடியாது. எஸ்குவயருக்கு வாய்த்த நல்ல காலம் அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. சோசலிஸ்ட் விக்டர் பெர்கர் ஆசிரியராக இருந்த ‘மில்வாக்கி லீடர்’ நாளிதழ் முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1917இல் இரண்டாம் வகுப்புச் சலுகையை இழந்தது. 1921இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நீதிபதிகள் பிராண்டைசும் ஹோம்சும் மட்டும் மறுத்து எழுதினார்கள். சலுகையைப் பறிப்பதும் தணிக்கைதான் என்ற எண்ணம் சிறுபான்மைக் கருத்தாக இருந்து சட்டமாக மாற கால் நூற்றாண்டு பிடித்தது.

நூலுக்கான தனிச் சலுகை அமெரிக்காவில் பிறந்தது இதற்கு நடுவில், 1938 நவம்பர் 1 அன்று. பவுண்டுக்கு 1½ சென்ட், தொலைவு எதுவானாலும் ஒரே விலை என்று ரூஸ்வெல்ட் பிரகடனம் செய்தார். விதி சுருக்கமானது: முழுக்கவும் படிக்கும் பொருளாக இருக்க வேண்டும், போகிறபோக்கில் வரும் நூல் அறிவிப்பு தவிர வேறு விளம்பரம் கூடாது. நம் விதியில் உள்ள அதே நிபந்தனை என்பதைக் கவனிக்கலாம். இன்று ‘மீடியா மெயில்’ என்ற பெயரில் அதே சலுகை தொடர்கிறது. குறைந்தது எட்டு அச்சிட்ட பக்கம் வேண்டும். குறிப்பெழுதக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கலாம், வெற்றுப் பக்க நாட்குறிப்பு ஆகாது. இசைக் குறியீட்டுத் தாள், கையெழுத்துப் பிரதி, தேர்வுத் தாள், ஒலிப்பதிவு ஆகியவை உள்ளே. விளம்பரம் தாங்கிய காமிக்ஸ் வெளியே. மதிப்பு என்ற கேள்வியை அமெரிக்கச் சட்டம் கைவிட்டுவிடவும் இல்லை. ஒவ்வோர் அஞ்சல் வகைக்கும் கட்டணம் நிர்ணயிக்கும்போது பெறுபவருக்கு அந்த வகையால் கிடைக்கும் கல்வி, பண்பாடு, அறிவியல், தகவல் மதிப்பைக் கருத வேண்டும் என்று 1976இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. வேறுபாடு நுட்பமானது, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நூல் என்ற வகை சமூகத்துக்கு நல்லது, அதற்குக் குறைந்த கட்டணம் போடலாம் என்று மேலே உள்ளவர்கள் ஒருமுறை முடிவு செய்கிறார்கள். கவுண்டரில் உள்ளவர், கையிலிருக்கும் பொருள் அந்த வகையா என்று மட்டும் பார்க்கிறார். இந்த நூல் நல்லதா என்று எந்த நிலையிலும் எவரும் கேட்பதில்லை.

கியான் போஸ்ட் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நல்ல உருவ விதி. விளம்பரத் தடையும் அதன் நூல்பட்டியல் விலக்கும் பழைய மரபின் தொடர்ச்சி. கடைசிப் பக்கத்தில் ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று போடும் தமிழ்ப் பதிப்பாளருக்கு அதனால் இடைஞ்சலில்லை. ‘கல்வி சார்ந்த’ என்ற அடைமொழியும் ‘வணிகத் தன்மை’ என்ற விலக்கும்தான் உறுத்துகின்றன. பாடநூல் கல்வி சார்ந்தது, சரி. பாடமாக வைக்கப்பட்ட நாவல்? அதே நாவலாசிரியர் எழுதிய, எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இன்னொரு நாவல்? கவிதைத் தொகுப்பு, சமையல் குறிப்பு, ஜோதிடம், துப்பறியும் கதை? 350 ரூபாய் விலைபோட்டு லாபத்துக்கு விற்கும் பதிப்பகத்தின் வெளியீடு வணிகமா, கல்வியா? போட்டித் தேர்வுக் கையேடு இரண்டும்தானே! நல்ல மனம் படைத்த ஊழியர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார். நடைமுறையில் பல அஞ்சலகங்களில் அப்படியே நடக்கும். அதை வைத்து விதியில் குறையில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் ஏற்றதை அடுத்த தெருவில் இன்னொருவர் மறுக்கலாம், மறுத்தவர் விதிப்படியே மறுத்திருப்பார் என்பதே குறை. அவரிடம் வாதாட நூலை அனுப்புபவர் கையில் எந்த அளவுகோலும் இல்லை. பழைய விதியில் ‘காட்டுங்கள், எந்தப் பக்கத்தில் விளம்பரம்?’ என்று கேட்க முடிந்தது. அரசியல் நூல் ஒன்று இந்தச் சொல்லின்கீழ் மறுக்கப்படும் நாள் வந்தால், அங்கே யாரும் எதையும் தடை செய்திருக்கமாட்டார்கள். ‘பார்சலில் அனுப்புங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவே.

பொதுப்பணத்தில் தரும் சலுகை குப்பைக்கும் போகலாமா என்பது இரண்டாவது மறுப்பு; முதலாவதைவிடக் கனமானது. வரி கட்டுபவர் மூடநம்பிக்கை நூலுக்கும் மூன்றாந்தர மர்மக் கதைக்கும் ஏன் தபால் செலவைப் பகிர வேண்டும்? பளபளக்கும் தாளில் அச்சிட்ட 6,000 ரூபாய் புகைப்படத் தொகுப்பை வாங்குகிறவருக்கு எதற்குச் சலுகை? இவற்றுக்கு விடை தேட நூலின் உள்ளடக்கத்துக்குள் போக வேண்டியதில்லை. ஆடம்பர நூல் கவலை தருமானால் எடை உச்சவரம்பும் எடைக்கேற்ற கட்டணமும் இருக்கின்றன. கனத்த தாளுக்கு அந்த நூல் தானாகவே கூடுதல் செலுத்தும். குப்பையைப் பொறுத்தவரை, நூலகத்துக்கு நூல் வாங்கும் அரசு தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், எல்லாவற்றையும் வாங்க முடியாது. அங்கே தேர்வுக் குழு இருக்கிறது, அதன் முடிவைக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. தபாலில் அரசு எந்த நூலையும் வாங்குவதில்லை. ஒரு குடிமகன் தன் காசில் வாங்கிய, படிக்க விரும்பிய ஒன்றைக் கொண்டுசேர்க்கிறது. அங்கே தேர்வு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, செய்தவர் வாசகர். அஞ்சல் ஊழியரை இரண்டாவது தேர்வுக் குழுவாக்க நியாயமில்லை, அவருக்கு நேரமுமில்லை.

உருவ விதிகள் அநியாயமே செய்வதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 31 நாள் விதி தமிழ்ச் சிறுபத்திரிகை உலகத்தை எப்படி நடத்தியது என்று பார்த்தால் போதும். காலாண்டிதழாக வரும் ஓர் இலக்கிய ஏடு, 31 நாளுக்கு மேல் இடைவெளி விடுவதால் பதிவுபெற்ற செய்தித்தாள் ஆக முடியாது. குறித்த இடைவெளியில் வருவதால் அச்சிட்ட நூலாகவும் முடியாது. மிக மலிவான இரண்டு வாசல்களும் அதற்கு அடைபட்டவை. மாதம் தவறாமல் வரும் வணிக இதழுக்குத் திறந்த வாசல், காசு சேரும்போது இதழ் கொண்டுவரும் குழுவுக்குத் திறக்கவில்லை. விளம்பரத் தடையிலும் இதே மூர்க்கம் உண்டு. கும்பாபிஷேக மலரிலோ பள்ளி நூற்றாண்டு மலரிலோ ஊர்க் கடைக்காரர்கள் கொடுத்த நாலு பக்க விளம்பரம் இருந்தால், உள்ளூர் வரலாறு நிறைந்த மீதி இருநூறு பக்கமும் தகுதி இழக்கும். விளம்பரத்துக்கு விளம்பரதாரர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார், அதற்குப் பொதுப்பணத்தில் இன்னொரு சலுகை வேண்டாம் என்ற தடையின் காரணம் நியாயமானது. தடை அந்தக் காரணத்தைத் தாண்டிப் போகிறது. இதற்குத் தீர்வும் அளவுகோலுக்குள்ளேயே கிடைக்கிறது. 1917இல் அமெரிக்கா தன் இதழ் கட்டணத்தை மாற்றியபோது ஓர் இதழையே இரண்டாகப் பிரித்தது: படிக்கும் பகுதிக்கு நாடு முழுவதும் ஒரே குறைந்த விகிதம், விளம்பரப் பகுதிக்குத் தொலைவுக்கேற்ற கூடுதல் விகிதம். அந்த நுணுக்கம் நமக்குத் தேவையில்லை. மொத்தப் பக்கத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாத விளம்பரம் இருக்கலாம், ஆண்டுக்கு நான்கு இதழாவது வந்தால் போதும் என்று இரண்டு எண்களை மாற்றினாலே பாதிப் புகார் தீரும். விரலால் எண்ணிச் சரிபார்க்கலாம்.

கூரியர் இருக்கிறது, மின்னூல் இருக்கிறது, இனி எதற்கு இந்தச் சலுகை என்பாரும் உண்டு. கூரியர் பெருநகரங்களுக்கு இடையில் மலிவு. அது போகாத கிராமத்துக்கும் அதே கட்டணத்தில் போகும் என்பதே அஞ்சலின் பயன், அதனால்தான் தொலைவுக்கு விலை வைக்காத நூல் கட்டணம் அங்கே பொருள்படுகிறது. மின்னூல் வாதம் இன்னும் மெலிந்தது. 2025 மே மாதத்தில் அஞ்சல் துறையே நூலுக்கென்று புதிய சேவை தொடங்கியிருக்கிறது என்றால் தேவை இருக்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

இத்தனைக்கும் அடியில் இன்னொரு மாற்றம் ஓசையில்லாமல் நடந்திருக்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டண அட்டவணை சட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அரசு அறிவிக்கும் கட்டணம் அதைத் தாண்டக் கூடாது என்று 7ஆம் பிரிவு சொன்னது. நூல், செய்தித்தாள் என்ற வகைகளே அந்த அட்டவணையில் பெயரோடு இருந்தன. 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. சேவைகளையும் கட்டணங்களையும் ஒழுங்குமுறைகள் வழியே வகுக்கும் அதிகாரம் அஞ்சல் தலைமை இயக்குநரிடம் இருக்கிறது. தொழில் போட்டிக்கு ஈடுகொடுக்க விரைவாகக் கட்டணம் மாற்ற வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம், பார்சலுக்கும் விரைவு அஞ்சலுக்கும் அது பொருந்தும். நூல் கட்டணத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது போட்டிக்கான விலையாக ஒருபோதும் இருந்ததில்லை. நாடாளுமன்றம் ஒரு வகைக்குக் கொடுத்த சலுகை. ஆறே மாதத்தில் அந்தச் சேவை ஒரு மென்பொருள் மாற்றத்தோடு மறையவும், மே மாதத்தில் வேறு தகுதிச் சொல்லோடு திரும்பவும் முடிந்தது. நூல் என்ற வகையின் வரையறையைச் சட்டத்துக்குள்ளோ, குறைந்தபட்சம் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும் விதிக்குள்ளோ மீண்டும் கொண்டுபோவதும், ‘கல்வி’, ‘வணிகம்’ என்ற இரு சொற்களை அதிலிருந்து எடுத்துவிட்டுப் பக்க எண்ணிக்கை, விளம்பரப் பங்கு, பதிப்பாளர் பெயர் ஆகிய மூன்றை வைப்பதும் அடுத்த திருத்தத்தில் செய்யக்கூடியவை. அதற்குப் பிறகும் 5 கிலோவுக்கு 100 ரூபாய் அதிகமா என்று தாராளமாகச் சண்டை போடலாம்.